வோட்காவா, வினிகரா, பெல்லட்டா? கடல்நீர்த் தொட்டிக்கு எது சரி

கடல்நீர்த் தொட்டியில் நைட்ரேட் 40 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் 40 பங்கு) தாண்டி, பாறை முழுக்கப் பச்சை முடிப்பாசி படர்ந்துவிட்டால், தண்ணீரை மாற்றி மாற்றி உப்புச் செலவே கையைக் கடிக்கும். அப்போதுதான் பலர் கார்பன் டோசிங் பக்கம் வருகிறார்கள். தொட்டியிலுள்ள பாக்டீரியாவுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாகக் கிடைக்கின்றன, கார்பனுக்குத்தான் தட்டுப்பாடு. அதை வோட்கா, வினிகர், பெல்லட் என ஏதோ ஒரு வடிவில் கொடுத்தால் அவை பெருகி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்ளும். அந்தப் பாக்டீரியாவை நுரையோடு வெளியேற்றும் கருவிதான் ஸ்கிம்மர். நல்ல ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் இதை ஆரம்பிக்கவே கூடாது.

வோட்காவின் பலம் அதன் அடர்த்தி. 100 லிட்டருக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லியில் தொடங்கினாலே போதும். ஆபத்தும் அதே அடர்த்தியில்தான். என் 200 லிட்டர் தொட்டிக்கு 0.2 மில்லி போட வேண்டிய நாளில் பெரிய சிரிஞ்சை எடுத்து 2 மில்லி போட்டுவிட்டேன். மறுநாள் விடியலில் தண்ணீர் அரிசி கழுவிய நீர் போல வெளுத்திருந்தது. கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பெருகிய பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றிருந்தது. காற்றுக்கல் இரண்டு போட்டு, ஸ்கிம்மரை முழு வேகத்தில் ஓட்டித்தான் காப்பாற்ற முடிந்தது. நம் ஊர் வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தொட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் முன்பே குறைவு என்பதை மறக்கக்கூடாது. இன்னொன்று, டாஸ்மாக் வோட்காவில் ஆல்கஹால் பெரும்பாலும் 42.8 சதவீதம், இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் 40 சதவீதத்துக்குப் போட்டவை. வாசனை சேர்த்த வகைகளைத் தொடவே வேண்டாம்.

என் ஓட்டு வினிகருக்குத்தான். மளிகைக் கடையில் கிடைக்கும் நிறமில்லாத வெள்ளை வினிகர், லேபிளில் 4 சதவீத அசிட்டிக் அமிலம் என்றிருந்தால், அதே கார்பனுக்கு வோட்காவைப் போலச் சுமார் பத்து மடங்கு அளவு தேவைப்படும். 0.2 மில்லிக்குப் பதில் 2 மில்லி. அளவு பெரிது என்பதால் கை தவறினாலும் பிழை சிறிது. ஒரே குறை, மொத்தமாக ஊற்றினால் பிஹெச் சற்று இறங்கும். இரவு முழுக்க இறங்கும் பிஹெச் விடியலில்தான் அடிமட்டத்தில் இருக்கும். அதனால் விளக்கு எரிந்து ஓரிரு மணி நேரம் கழித்து, ஓட்டம் அதிகமுள்ள இடத்தில், இரண்டு மூன்று முறையாகப் பிரித்து விடுகிறேன். கால்சியத்துக்காகத் தொட்டியில் சுண்ணாம்பு நீர் விடுபவர்கள் அதிலேயே கலந்துவிடலாம். கால்சியமும் கூடுதலாகக் கரையும்.

பெல்லட் என்பது பாக்டீரியா மெல்லத் தின்னும் மக்கும் பிளாஸ்டிக் குருணை. தினமும் அளக்கும் வேலையை அது மிச்சப்படுத்தும். ஆனால் குருணையைப் போட்டுத் தண்ணீரை ஓடவிடும் ரியாக்டர் என்ற கலமும் பம்பும் வேண்டும், குருணைகள் எப்போதும் புரண்டுகொண்டே இருக்க வேண்டும். பம்ப் நின்று அவை கட்டிதட்டினால் உள்ளே அழுகல் நாற்றம் வரும். கார்பன் கிடைக்கும் வேகத்தைக் குறைக்க நினைத்தாலும் குருணையை வெளியே எடுப்பதைத் தவிர நல்ல வழி இல்லை. பெரிய தொட்டியில், மீன் நிறைய இருந்தால் மட்டுமே யோசிப்பேன். கார்பனுக்குச் சர்க்கரையும் போடுவார்கள். மலிவு, அதற்கு மேல் அதில் எனக்கு ஈர்ப்பில்லை.

எதை எடுத்தாலும் பாஸ்பேட்டைத் தனியாக அளந்து பாருங்கள். அது பூஜ்யத்துக்குப் போய்விட்டால் பாக்டீரியா வளராது, நைட்ரேட் அப்படியே நிற்கும். அப்போது அளவைக் கூட்டினால் சளி போன்ற படலம்தான் மிச்சம். நான் நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம் வந்ததும் வினிகரைப் பாதியாகக் குறைத்து, அந்த அளவிலேயே வைத்துக்கொண்டேன்.