சுங்கை சிப்புட் பிரேம் கடையில் குடும்ப மரம் போட்ட அனுபவம்

அப்பத்தாவின் நினைவு நாளுக்குக் குடும்ப மரம் ஒன்று போட்டு மாட்டலாம் என்று மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் மார்க்கெட் பக்கம் இருக்கிற ஒரு பிரேம் கடைக்குப் போனேன். ஐந்து தலைமுறை, 62 பேர், மரச் சட்டத்தோடு 140 வெள்ளி (ரிங்கிட்). விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் அந்தக் கடைக்கார அக்கா செய்த வேலைக்கு இன்னும் கொடுத்திருக்கலாம்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு மனைவி. தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டில் இரண்டு பேரையும் வைத்திருந்தார் என்று கல்யாண வீட்டில்கூடச் சொல்லிக் காட்டுவார்கள், அத்தைக்கு அது தீராத வருத்தம். நானும் அதை நம்பி, வள்ளி தெய்வானை மாதிரி இரண்டு பக்கமும் கோடு போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அக்கா பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டு பேரும் ஒரே காலமா? பத்திரம் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

அப்புறம் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். ஜெர்மனியில் எர்ஃபர்ட் பேராலயத்தில் இருக்கிற 13ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பலகை, அங்கே படிக்கிற மகள் எடுத்து அனுப்பியதாம். நடுவில் கிளைகன் என்ற சின்னப் பிரபு வம்சத்துக்காரர், இரண்டு பக்கமும் இரண்டு மனைவிகள். அதைப் பார்த்து ஊரே ஒரு கதை கட்டிவிட்டது: எர்ன்ஸ்ட் என்ற பிரபு 1227இல் சிலுவைப் போருக்குப் போய்ச் சிறைப்பட்டாராம், சுல்தான் மகள் கட்டிக்கொள்வதாக வாக்கு வாங்கி அவரை விடுவித்தாளாம், போப்பாண்டவரே இரண்டாவது கல்யாணத்துக்குச் சம்மதம் கொடுத்தாராம். இந்தக் கதை எழுத்தில் வருவதே 16ஆம் நூற்றாண்டில்தான். முதல் மனைவி இறந்தபின் இன்னொருத்தியைக் கட்டியவர், இருவரோடும் கல்லில் நிற்கிறார், அவ்வளவுதான் என்கிறார்கள் வரலாறு படித்தவர்கள். கல்லில் மூவரும் ஒன்றாக நின்றால் வீட்டிலும் ஒன்றாக இருந்தார்கள் என்று ஆகிவிடுமா?

வீட்டுக்கு வந்து அத்தையின் தகரப்பெட்டியைக் கிளறினோம். மூத்த மனைவி இறந்தது 1936. இளைய மனைவி கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கியதே 1937, அந்தக் காகிதம் மடிப்பில் கிழிந்து, ரப்பர் முத்திரை மட்டும் ஊதாவாக இன்னும் தெரிகிறது. அக்கா இரண்டு பெயருக்கும் கீழே வருஷத்தைப் போட்டு, இரண்டாவது கோட்டை ஒரு படி கீழே இறக்கிவிட்டார்.

குறை ஒன்று. முதல் பிரதியில் தமிழ் எழுத்து உடைந்து, பெரியப்பா பெயரில் கொம்பு தனியாக நின்றது. சொன்னதும் காசு வாங்காமல் மறுபடி அடித்துக் கொடுத்தார்கள், ஆனால் நான்கு நாள் தாமதம். கண்ணாடி போடாதீர்கள், விளக்கு பட்டால் பெயரே தெரியாது.

படையல் அன்று அத்தை அந்த இரண்டு வருஷத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு, வந்தவர்களிடம் எல்லாம் படித்துக் காட்டினார்.

திங்கட்கிழமை கடை இல்லை. போகிறவர்கள் சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), பழைய காகிதம் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், அக்கா கட்டாயம் கேட்பார்.