இருமல் வருவதற்கு முன்பே தர வேண்டிய மாத்திரை: வடசென்னை ஏ.ஆர்.டி. மையம் ஒன்றின் டிபி தடுப்பு சேவை

மதிப்பெண்: 5-க்கு 3

ஏ.ஆர்.டி. மையம் என்றால் எச்.ஐ.வி.க்கான மருந்து தரும் மையம். இதன் பெயர் வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு டிபி வராமல் தடுக்க அங்கே தரும் மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

கவுன்சிலர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை நான்கையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் "ராத்திரி வேர்க்குதா?" என்றால் யாருமே ஆமாம் என்பார்கள். "ஃபேன் ஓடும்போதே சட்டை மாத்துற அளவுக்கு நனையுதாம்மா?" என்கிறார்கள். அப்படித்தான் கேட்க வேண்டும். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் சளி, எக்ஸ்ரே பரிசோதனை. நான்கும் இல்லை, கல்லீரல் கோளாறும் இல்லை என்றால் தோல் ஊசிப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் தொடங்கிவிடலாம்.

சறுக்கல் டாக்டர் அறையில்தான். "சிடி4 நல்லா இருக்கே, அப்புறம் பார்க்கலாம்" என்று, நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையைக் காட்டித் தள்ளிப்போடுகிறார்கள். ஐவரி கோஸ்ட்டில் நடந்த டெம்ப்ரானோ ஆய்வில் சிடி4 500-க்கு மேல் இருந்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள்; 6 மாதம் ஐசோனியசிட் என்ற இந்தத் தடுப்பு மாத்திரை தரப்பட்டவர்களிடம் இறப்பு 37 சதவீதம் குறைவு என்று 2017-ல் முடிவு வந்தது. "மருந்துக்குக் கிருமி பழகிடும்" என்பது இன்னொரு பயம். நோயாக மாறாமல் உடலில் உறங்கும் டிபி கிருமிகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, அதனால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகும் வாய்ப்பும் குறைவு. டிபி நோய் ஏற்கெனவே வந்துவிட்டவருக்குத் தவறிப்போய் இந்த ஒற்றை மாத்திரையைக் கொடுப்பதுதான் ஆபத்து. அந்த நான்கு கேள்விகளும் அதற்காகத்தான். மஞ்சள் காமாலை உள்ளவர், தினமும் அதிகமாகக் குடிப்பவர், ஏற்கெனவே கை கால் மரத்துப்போனவர் விஷயத்தில் தயங்குவது நியாயம்.

தினசரி 300 மில்லிகிராம் ஐசோனியசிட், கூடவே கை கால் மரத்துப்போகாமல் இருக்க வைட்டமின் பி6, இது 6 மாதம். இன்னொரு முறை, ஐசோனியசிட்டோடு ரிஃபாபென்டின் என்ற மருந்தும் சேர்ந்தது; வாரம் ஒருமுறை, 12 வேளை. காசிமேட்டில் நாள்கணக்கில் கடலுக்குப் போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் தோது. எச்.ஐ.வி. மருந்துகளில் டொலுடெக்ராவிரோடு இது ஒத்துப்போகும், நெவிரபின், அட்டாசனாவிர், லோபினாவிர் எடுப்பவர்களுக்கு ஆகாது. சிறுநீர் ஆரஞ்சாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லாததால் காமாலை என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். கண் வெள்ளை மஞ்சளானால், வாந்தி வந்தால், பசி விட்டுப்போனால்தான் நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும்.

மருந்துக் கவுன்டரில் ஏ.ஆர்.டி. மாத்திரை மூன்று மாதத்துக்குத் தருகிறார்கள், ஐசோனியசிட் ஒரு மாதத்துக்குத்தான். அதற்காக மட்டும் லீவு போட்டு வர முடியாமல் இரண்டாம் மாதமே விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே தேதியில் தரச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை முடிகிற தேதியை, சிகிச்சை விவரம் எழுதும் பச்சை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.