கோலாலம்பூரில் பேருந்தா, ரயிலா?

கோலாலம்பூரில் பேருந்தையும் ரயிலையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் கட்டணத்திலிருந்தே தொடங்குகின்றனர். மலேசியக் குடிமக்களுக்கு அந்தக் கணக்கு இப்போது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. 50 ரிங்கிட் செலுத்தி மை50 பயணச் சலுகையைப் பெற்றவர், 30 நாள்களுக்கு எல்.ஆர்.டி. எனும் இலகு ரயில், எம்.ஆர்.டி. எனும் பெருவிரைவு ரயில், மோனோரயில், நகரப் பேருந்தான ரேப்பிட் கேஎல் ஆகியவற்றில் வரம்பின்றிப் பயணம் செய்யலாம் என்பதால், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், இறங்கிய பின் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பவையே அவருடைய வழியைத் தீர்மானிக்கின்றன. தமிழகத்திலிருந்து வரும் உறவினருக்கு அந்தச் சலுகை கிடையாது. ரேப்பிட் கேஎல் பேருந்தில் ரொக்கமும் வாங்கமாட்டார்கள் என்பதால், வந்தவுடன் அவருக்கு முன்கூட்டியே பணம் நிரப்பிப் பயன்படுத்தும் டச் அண்ட் கோ அட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து மஸ்ஜிட் இந்தியாவுக்குத் துணி எடுக்கப் போகிறவர் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கேஎல் சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் இரண்டாவது நிலையமான மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கிவிடலாம்; மஸ்ஜிட் இந்தியா அதன் பக்கத்திலேயே இருக்கிறது. மாலை நெரிசலில் எந்தப் பேருந்தும் அதற்கு ஈடாகாது. பசார் செனியிலிருந்து புக்கிட் பிந்தாங் போவதற்கும் எம்.ஆர்.டி.யே மேல், அதே தடத்தில் ஓடும், கோகேஎல் என்ற நகர மையப் பேருந்துச் சேவையின் ஊதா நிறப் பேருந்து மலேசியர்களுக்கு இலவசம் என்றாலும், அதுவும் மற்ற வாகனங்களோடு சாலையில் ஊர்ந்துதான் செல்ல வேண்டும்.

ஆனால் புக்கிட் பிந்தாங்கிலிருந்து, இரட்டைக் கோபுரம் இருக்கும் கேஎல்சிசி போவதென்றால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. வரைபடத்தில் இவ்விரண்டும் அருகருகே இருந்தாலும் மோனோரயில் கேஎல்சிசி பக்கம் போவதில்லை; எம்.ஆர்.டி.யில் சென்றால் துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் இறங்கி வேறு தடத்துக்கு மாற வேண்டும். நேராகச் செல்வது 2012இல் தொடங்கப்பட்ட கோகேஎல் சேவையின் பச்சை நிறப் பேருந்துதான். அதற்கு உண்மையான போட்டி ரயிலன்று. பெவிலியன் வணிக வளாகத்தையும் கேஎல்சிசி மாநாட்டு மையத்தையும் இணைக்கும், குளிரூட்டப்பட்ட நடைமேம்பாலமே. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு, குறிப்பாக மழை பெய்யும் மாலைகளில், அந்தப் பாலத்தையே நான் பரிந்துரைப்பேன். முதியவர்களோடும் கைக்குழந்தைகளோடும் செல்பவர்கள் சற்றுக் காத்திருந்தாவது பேருந்தில் ஏறுவது நல்லது.

பத்துமலைக்குக் கொமுட்டர் எனும் புறநகர் ரயிலே சிறந்தது. கோவிலுக்குப் பக்கத்திலேயே நிலையம் இருக்கிறது. மை50 அதில் செல்லாது; வண்டிகளுக்கிடையே இடைவெளியும் அதிகம் என்பதால், நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது அவசியம். தைப்பூசத்தின்போது சுற்றியுள்ள சாலைகள் அடைபடுகையில் பேருந்தை நம்புவதற்கில்லை. அந்நாள்களில் கொமுட்டர் கூடுதல் சேவைகளையும் இயக்குகிறது.

நகர மையத்தைத் தாண்டிக் குடியிருப்புகளுக்குள் போய்விட்டால் ரயில் என்ற பேச்சுக்கே இடமில்லை. எம்.ஆர்.டி. நிலையத்திலிருந்து தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிக்குள் செல்லும், டி (T) என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணுடைய இணைப்புப் பேருந்து ஒருபுறம், செயலி வழியே அழைக்கும் கிராப் வாடகை வாகனம் மறுபுறம். பகலில், தனியாளாக இருந்தால், பேருந்து வரும் நேரத்தைக் கைப்பேசிச் செயலியில் பார்த்துவிட்டு நிலையத்திலேயே காத்திருப்பதில் இழப்பொன்றுமில்லை. மூன்று நான்கு பேராகப் பொருள்களைச் சுமந்துகொண்டு இரவில் திரும்பும் குடும்பம், கிராப் கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், அது அவ்வளவு ஊதாரித்தனமாகத் தோன்றாது.