ஸ்வீடிஷ் காகிள்ஸ்: ஒரு பிரெஸ்ட் ஸ்ட்ரோக் ஆளின் அனுபவம்

பத்து வருடமாகப் போட்டிகளில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (தவளை போல் கைகாலை விரித்து நீந்துவது) நீந்துகிறேன், 100, 200 மீட்டர் இரண்டும். அதில் கடைசி ஏழு வருடம் ஸ்வீடிஷ் காகிள்ஸ்தான், அதாவது நாமே நூல் கோத்துக் கட்டிக்கொள்ளும் நீச்சல் கண்ணாடி. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஃப்ரீஸ்டைல்காரர்கள். நம் பாடு வேறு.

அவர்கள் மூச்சுக்குத் தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும். நமக்கு விதிப்படியே ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் தலை தண்ணீருக்கு மேலே வந்தாக வேண்டும், வந்த தலை மறுபடி உள்ளே போக வேண்டும், அதாவது ரேஸ் முழுக்க முகம் தண்ணீரில் மோதிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடி துளி தளர்வாக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, 150 மீட்டர் தாண்டும்போது பாதிக் கண்ணுக்குத் தண்ணீர் நிற்கும். ஒரு போட்டியில் எனக்கு அதுவும் இல்லை, டைவிலேயே ரப்பர் விளிம்பு வைத்த பெரிய கண்ணாடி வாய்க்கு இறங்கிவிட்டது. கடைசியில் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கையை நீட்டினேன், ஒரு கை முந்தித் தொட்டது, ஒரு கை பிந்தியது. இரண்டும் ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்பதுதான் விதி, டிஸ்குவாலிஃபை. அன்றைக்குக் குளத்திலிருந்து ஏறிய வேதனை இன்னும் போகவில்லை.

அதற்கு அப்புறம்தான் இதை வாங்கினேன். பாக்கெட்டைப் பிரித்தால் கண்ணாடி இருக்காது, கண்ணாடிக்கான சாமான்தான் இருக்கும்: இரண்டு பிளாஸ்டிக் கிண்ணம், ஒரு ரப்பர் பட்டை, ஒரு நூல், மூக்குக்கு மேலே வர ஒரு சின்னக் குழாய். 1970களில் ஸ்வீடனின் மால்ம்ஸ்டன் நிறுவனம் கொண்டுவந்த வடிவம், இன்றும் பெரிதாக மாறவில்லை. நூலை ஒரு கிண்ணத்தின் ஓட்டையில் விட்டு, குழாய் வழியாக அடுத்த கிண்ணத்துக்குக் கொண்டுபோய், அதே குழாயில் திரும்பக் கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டும். மூக்குக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ தண்ணீர் உள்ளே வந்துவிடும். நான் நான்கு முறை அவிழ்த்துக் கட்டினேன். ஆனால் அளவு ஒருமுறை அமைந்துவிட்டால் அது உங்கள் முகத்துக்கென்றே செய்த கண்ணாடி.

ரப்பர் விளிம்பு கிடையாது, பிளாஸ்டிக் நேராக எலும்பில் உட்காரும். வார்ப்பில் வந்த பிசிறு விளிம்பில் இருந்தால் மெல்லிய உப்புத்தாள் வைத்து இரண்டு இழுப்பு இழுங்கள், இல்லையென்றால் தோலை அறுக்கும். முதல் வாரம் வலிக்கும், உண்மையாகவே வலிக்கும். கிண்ணம் கண்குழிக்குள்ளேயே அடங்கிவிடுவதால் டைவில் தண்ணீர் பிடித்து இழுக்க எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. ஏழு வருடத்தில் டைவில் எனக்கு ஒருமுறைகூட நழுவியதில்லை.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் ஃபெல்ப்ஸுக்கு 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் நிறைந்தும், ஸ்ட்ரோக்கை எண்ணியே 1:52.03 என்ற உலக சாதனையோடு ஜெயித்தார். நமக்கு அந்த எண்ணிக்கை அவ்வளவு கைகொடுக்காது. களைக்கக் களைக்க கிளைடு (ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் பிறகு உடம்பு சறுக்கிப் போகும் தூரம்) சுருங்கும், என் முதல் 50க்கும் கடைசி 50க்கும் நான்கைந்து ஸ்ட்ரோக் வித்தியாசம் வரும். சுவரைக் கண்ணால் பார்த்துத்தான் கடைசி ஸ்ட்ரோக்கை முடிவு செய்ய முடியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் தங்கம் வென்ற மார்ட்டினெங்கி 59.03 வினாடி, பீட்டியும் ஃபிங்க்கும் 59.05. அந்த இரண்டு பேருக்கும் வெள்ளி, தங்கத்துக்கும் அதற்கும் நடுவே 0.02 வினாடி. சுவர் கலங்கித் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குறைகள் உண்டு. சாதாரண மாடலில் பனி படியாமல் இருக்கப் பூச்சு கிடையாது, பயிற்சியில் அடிக்கடி மங்கும். ரப்பர் பட்டை குளோரினில் பிசுபிசுத்து அறுந்துவிடும். நான் எலாஸ்டிக் கயிற்றுக்கு மாறிவிட்டேன். முக்கியமான விஷயம், போட்டிருக்கும்போது கிண்ணத்தை முன்னால் இழுத்து விடவே கூடாது, கெட்டிப் பிளாஸ்டிக் திரும்ப வந்து கண்ணில் அடித்தால் பெரிய காயம் ஆகும். அதனால் புதிதாக நீச்சல் கற்கும் பிள்ளைகளுக்கு இதை வாங்கித் தர வேண்டாம், மெத்தென்ற விளிம்பு வைத்ததே போதும்.

போட்டிக்கு ஒரு ஜோடியைத் தனியாக வையுங்கள், ஆனால் புதிதாகக் கட்டியதை அப்படியே போட்டுக்கொண்டு பிளாக்கில் (ரேஸ் தொடங்க டைவ் அடிக்கும் மேடையில்) ஏறாதீர்கள். முதல் வாரம் முடிச்சு கொஞ்சம் இளகும். இரண்டு வாரம் நீந்திவிட்டு இன்னொரு தடவை இறுக்குங்கள், அப்புறம் அசையாது.