மனசுக்கு யாரைப் பார்ப்பது? மதுரைப் பக்கத்தில் இருக்கும் வழிகள், ஒன்றுக்கொன்று எப்படி

"நல்ல கவுன்சிலர் யாராச்சும் தெரியுமா?" மதுரையில் பெரும்பாலும் தேடல் இப்படித்தான் தொடங்குகிறது. பல்வலிக்காரரும் கால் முறிந்தவரும் "நல்ல டாக்டர் யார்" என்று கேட்டால் இருவருக்கும் ஒரே பெயரைச் சொல்ல மாட்டோம். மனசு விஷயத்தில் மட்டும் சொல்லிவிடுகிறோம். பக்கத்து வீட்டுப் பையனின் பரீட்சைப் பயத்தைச் சரி செய்தவரிடம், மூன்று வாரமாகத் தூங்காமல் தனக்குத்தானே பேசும் அண்ணனைக் கூட்டிப் போகிறோம். நாலு மாதம் வீணாகிறது.

முதலில் பலகையை வாசிக்கப் பழக வேண்டும். கே.கே.நகரிலோ அண்ணா நகரிலோ ஒரு பலகைக்கு முன்னால் நின்றால், பெயருக்கு முன்னால் இருக்கும் "டாக்டர்" என்பதை விட்டுவிடுங்கள், அது பிஎச்.டி. பட்டமாகவும் இருக்கலாம். பெயருக்குப் பின்னால் பாருங்கள்.

எம்.பி.பி.எஸ். போட்டு, அதோடு எம்.டி. சைக்கியாட்ரி, டி.என்.பி. சைக்கியாட்ரி அல்லது டி.பி.எம். என்று இருந்தால் அவர் மனநல மருத்துவர். மாத்திரை எழுதலாம், ரத்தப் பரிசோதனை கேட்கலாம், தேவைப்பட்டால் படுக்கையில் சேர்க்கலாம். எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி அல்லது சைக்.டி. என்று இருந்தால் மருத்துவ உளவியலாளர். மருத்துவமனையில் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பயின்றவர். மாத்திரை எழுத முடியாது. இவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண் இருக்க வேண்டும், சி.ஆர்.ஆர். எண் என்பார்கள். "உங்க ஆர்.சி.ஐ. நம்பர் சொல்றீங்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. முறையாகப் படித்தவர் உடனே சொல்வார், கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எம்.எஸ்ஸி. சைக்காலஜி, எம்.எஸ்.டபிள்யூ., டிப்ளமோ என்று இருப்பவர்கள் ஆலோசகர்கள். இதில் அருமையானவர்கள் இருக்கிறார்கள், ஆறு வார வகுப்பு முடித்துப் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். "கவுன்சிலர்" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடிகிறது என்பதால், இங்கேதான் அதிகம் விசாரிக்க வேண்டும். நரம்பு டாக்டர் என்று நாம் சொல்லும் நியூராலஜிஸ்ட் வலிப்புக்கும் பக்கவாதத்துக்கும் உரியவர். மனநல மருத்துவரிடம் போக வெட்கப்பட்டு அவரிடம் போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

எந்தத் தொல்லைக்கு எவர் என்பதில் தயங்கத் தேவையில்லாத சில உண்டு. காதில் குரல் கேட்பது, எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற உறுதி, இரண்டு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல் பேசிக்கொண்டும் செலவழித்துக்கொண்டும் இருப்பது, பிரசவமான சில நாட்களில் தாய் மனம் குழம்பித் தடுமாறுவது: இவை எல்லாம் மனநல மருத்துவருக்கு, அதுவும் அன்றைக்கே. குடியை நிறுத்தும் விஷயமும் அப்படித்தான். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் கைநடுக்கத்தோடு குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவர், பேச்சு சிகிச்சை (உட்கார்ந்து பேசி மனசைச் சரி செய்வது) அதற்குப் பிறகு.

மாமியார் மருமகள் சண்டை, திருமணப் பிணக்கு, பிரிவின் துயரம், பிளஸ் டூ பயம் போன்றவற்றுக்கு நல்ல ஆலோசகர் போதும். ஆனால் தூக்கமும் பசியும் வேலையும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், ஒரு தடவையாவது மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும். பேசிப் பேசித் தைராய்டைச் சரி செய்ய முடியாது.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் உண்மையான போட்டி: மிதமான மனச்சோர்வு, திடீர் படபடப்பு, எண்ணச் சுழற்சி. இங்கே மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் இரண்டுமே வேலை செய்யும். மனச்சோர்வு மாத்திரை பலன் காட்ட இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டல் வருவதைப் பார்த்து "ஒத்துக்கல" என்று நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாக. பேச்சு சிகிச்சை என்றால் வாரம் ஒரு முறை, 45 முதல் 50 நிமிடம், சாதாரணமாக 12 முதல் 16 சந்திப்பு. ஒரு சந்திப்புக்கு 1000 ரூபாய் என்று வைத்தால் 12,000-த்திலிருந்து 16,000. உசிலம்பட்டியிலிருந்து வருபவருக்கு ஆரப்பாளையம் பஸ், திரும்பும் நேரம், அரைநாள் கூலி எல்லாம் அதற்கு மேல். மூன்றாவது சந்திப்போடு நின்றுபோவதற்குப் பணமும் பஸ்ஸும் பெரிய காரணம். ஆகவே முதல் நாளே எட்டாவது சந்திப்பு வரை வர முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாதென்றால் மாத்திரையோடு தொடங்கி, பதினைந்து நாளைக்கு ஒரு சந்திப்பு என்று பேசிக்கொள்வது புத்திசாலித்தனம். மருத்துவரிடம் முதல் தடவைக்குப் பிறகு பத்து நிமிடம்தான் கிடைக்கிறது என்று குறைப்படுவார்கள். அந்தப் பத்து நிமிடம் மருந்தையும் தூக்கத்தையும் பார்க்க. இருபது வருடத் தாம்பத்தியத்தை அங்கே இறக்கி வைக்க முடியாது, அதற்கு உளவியலாளரின் அறை இருக்கிறது.

உளவியலாளர்களுக்குள்ளேயே எதில் கை தேர்ந்தவர் என்பதும் முக்கியம். ஓ.சி.டி.யை, அதாவது ஒரே சந்தேகம் விடாமல் வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிய பெண், கேஸ் மூடியிருக்கிறதா என்று ஏழு தடவை திரும்பி வருகிறார். பரிவான ஆலோசகர் "மூடிட்டீங்கம்மா, பயப்படாதீங்க" என்று ஒவ்வொரு முறையும் தேற்றுகிறார். கேட்ட நிமிடம் நிம்மதி, பத்தாவது நிமிடம் மறுபடியும் சந்தேகம். அந்த ஆறுதலே நோய்க்குத் தீனி. பயத்தை எதிர்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பழக்கும் இ.ஆர்.பி. முறையில் பயின்றவர் வேறு வேலை கொடுப்பார்: ஒரே தடவை மூடு, தெருமுனை வரை நட, திரும்பாதே, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பயம் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுது. ஒன்பது, ஒன்பது, எட்டு, ஆறு என்று அது தானாக இறங்குவதை அவரே பார்க்க வேண்டும். ஆகவே ஓ.சி.டி. என்றால் போனிலேயே "இ.ஆர்.பி. சிகிச்சை செய்வீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். ஆம் என்றால் எப்படி நடக்கும் என்று இரண்டு வரி சொல்லச் சொல்லுங்கள்.

இனி இடம். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கட்டணமில்லாமல் மருத்துவரைப் பார்த்து மாத்திரையும் வாங்கலாம். கூட்டம் உண்டு, காத்திருக்க வேண்டும், அடுத்த முறை வேறொரு மருத்துவர் பார்க்கலாம். பழைய சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒவ்வொரு தடவையும் கொண்டுபோனால் இந்தக் குறை பாதி தீரும். நோய் நீண்டு மாற்றுத்திறனாளி சான்றிதழ் தேவைப்பட்டால் அரசு வழியில் இருக்கும் பதிவு பெரிதும் உதவும். மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட கிழமைகளில் மருத்துவர் வருகிறார். எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டுப் போங்கள். தனியாரில் நேரம் கிடைக்கும், ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். பேச்சு சிகிச்சைக்கு அது பெரிய பலம்.

வீடியோ வழி சிகிச்சைக்குச் சாதகம், காத்திருப்பு அறையில் சொந்தக்காரர் கண்ணில் படாமல் இருக்கலாம். பாதகம், தனி அறை இல்லாத வீட்டில் எல்லாம் காதில் விழும். மொட்டை மாடிக்குப் போய் இயர்போனில் பேசுங்கள், இல்லையென்றால் கணவரோ பெற்றோரோ வெளியே போன நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி, 2022-லிருந்து இலவசமாக, 24 மணி நேரமும் தமிழில் கிடைக்கிறது. முதல் அடி எடுக்கத் தயங்குபவருக்கும் இரவு இரண்டு மணிக்குத் தவிப்பவருக்கும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. 16 வாரத் தொடர் சிகிச்சைக்கு மட்டும் இது மாற்று ஆகாது.

யாராவது சாகப் போவதாகச் சொன்னால் இந்த ஒப்பீடுகளை எல்லாம் தள்ளி வையுங்கள். பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றிவிட்டு, தனியே விடாமல் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து யாரையும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

முதல் சந்திப்பில் கவனிக்க வேண்டியது: உங்களிடம் கேட்கிறாரா, கூட வந்த அம்மாவிடம் கேட்கிறாரா? கொஞ்ச நேரமாவது அம்மாவை வெளியே உட்காரச் சொல்ல வேண்டும். சொன்னது வெளியே போகாது என்றும், உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் குடும்பத்திடம் சொல்வேன் என்றும் அவரே தெளிவுபடுத்த வேண்டும். "நெஞ்சு அடைக்குது", "தலை பாரமா இருக்கு" என்று நாம் உடம்பின் மொழியில் சொல்லும்போது அதற்குள் இருக்கும் சோகத்தைப் பிடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பாண்டி கோயிலுக்குப் போகிறோம் என்றால் திட்டாமல், "போயிட்டு வாங்க, மாத்திரையை மட்டும் விடாதீங்க" என்பவர் நல்லவர்.

மூன்று சந்திப்பில் முழுக் குணம் என்று உறுதி தருபவரை, முன்பணமாகப் பெரிய தொகை கேட்பவரை, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரை விட்டு விலகுங்கள். சாதி மாறிக் காதலித்த மகளை "மனசு மாத்தித் தர்றேன்" என்பவரையும், தன்பாலின ஈர்ப்பைக் "குணப்படுத்துறேன்" என்பவரையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் தொடுத்த வழக்கில்தான் 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்படிப்பட்ட சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். தீர்ப்புக்கு முன் விஷயத்தைப் புரிந்துகொள்ள அவரே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார்.

நாலு சந்திப்பு முடிந்தும் எதை நோக்கிப் போகிறோம் என்று இருவருக்கும் தெரியவில்லை என்றால், ஆளை மாற்றலாம். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். "வேற ஒருத்தரைப் பார்க்கலாம்னு இருக்கேன், இதுவரைக்கும் செஞ்சதை ஒரு பக்கத்துல எழுதித் தர்றீங்களா" என்று கேளுங்கள். உங்கள் சிகிச்சைப் பதிவைப் பெறும் உரிமையும் அதே 2017 சட்டத்தில் இருக்கிறது. அந்த ஒரு பக்கம் கையில் இருந்தால், அடுத்தவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் அழுது சொல்ல வேண்டியதில்லை.