ரெடிமேட் பிரீசெட்டா, கையால் நகர்த்துவதா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் தாத்தா கேசட்டில் பிடித்து வைத்த காவடிப் பாட்டுகளைக் கணினியில் ஏற்றி, வி.எல்.சி. பிளேயரில் கேட்டேன். ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த அதிர்வெண்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் அதன் ஈக்வலைசரை இரண்டு விதமாகப் பயன்படுத்திப் பார்த்தேன்.

முதலில், தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் காட்டும் 'ஃபுல் பேஸ்' பிரீசெட், அதாவது முன்பே தயாராக உள்ள அமைப்பு. ஒரே சொடுக்கு, வேலை முடிந்தது. ஆனால் லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கரில் அந்த ஆழமான பேஸ் எங்கே வரும்? மேளம் கரகரத்தது, தாத்தாவின் குரல் போர்வைக்குள் போய்விட்டது.

அப்புறம் ஈக்வலைசரின் 10 அதிர்வெண் பட்டைகளையும் கையால் நகர்த்திப் பார்த்தேன். 170, 310 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் இறக்கி, 3 கிலோஹெர்ட்ஸை 3 டெசிபல் ஏற்றியதும் 'வேல் வேல்' பளிச்சென்று கேட்டது. கேசட்டின் 'உஸ்' இரைச்சலுக்கு 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தணித்தேன். ஏற்றிய அளவுக்கு, மொத்த ஒலியளவை மாற்றும் பிரீஆம்பை இறக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒலி உடையும்.

அரை மணி நேரம் போனது, சரி. புதுப் படப் பாட்டு, நல்ல ஹெட்ஃபோன் என்றால் பிரீசெட்டே போதும். தாத்தாவுக்குக் கைதான்.