ஒரே வீடு, இரண்டு சுவர்: பினாங்குக் கடைவீட்டில் சிமெண்டும் சுண்ணாம்பும்

அத்தையின் கடைக்குள் நுழைந்ததும் வலப்பக்கச் சுவரை முகர்ந்து பாருங்கள். நனைந்த கோணிச்சாக்கின் வாடை வரும். இடப்பக்கச் சுவரில் ஒரு வாடையும் இருக்காது. சாய்ந்து நின்றால் சட்டையில் கொஞ்சம் வெள்ளை ஒட்டும், அவ்வளவுதான்.

ஜார்ஜ்டவுனில், பினாங்கு ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது அந்தக் கடைவீடு. கீழே பித்தளை விளக்கு வியாபாரம், மேலே குடித்தனம். வலச் சுவரை 7 வருடத்துக்கு முன்னால் சிமெண்டால் பூசினோம். இடச் சுவரை 4 வருடத்துக்கு முன்னால் சுண்ணாம்பால் பூசினோம். இரண்டுக்கும் காசு கொடுத்தவள் நான். பழைய வீட்டைச் செப்பனிட நினைப்பவர்கள் ‘எதைப் பூசலாம்?’ என்று என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர்களை அந்த இரண்டு சுவருக்கும் நடுவில் நிறுத்தித்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் வீட்டின் சங்கதி. இந்த மாதிரிப் பழைய கடைவீடுகளின் செங்கல் மென்மையானது, தண்ணீரை உறிஞ்சும். கல்லுக்குக் கல் நடுவில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. இப்போதைய வீடுகளில் அடித்தளத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் ஒரு தடுப்புப் படலம் வைக்கிறார்கள். அது இங்கே கிடையாது. அதனால் மண்ணின் ஈரம் சுவருக்குள் ஏறும். ஓதம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே கதை. கட்டியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஏறுகிற ஈரம் பூச்சு வழியாக வெளியே வந்து, முற்றத்துக் காற்றில் ஆறிப் போய்விடும் என்ற கணக்கில்தான் கட்டினார்கள். முற்றம் திறந்திருக்கும் வரை அந்தக் கணக்கும் சரியாகவே இருந்தது.

சிமெண்டுக்கு வருவோம். வலச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. வந்த காண்ட்ராக்டர் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் செத்துப்போன சுண்ணாம்புக்கா. உடைச்சி எடுத்துட்டு, வாட்டர்புரூஃப் கலந்து சிமெண்டு அடிச்சிட்டா பத்து வருசத்துக்குக் கவலையே இல்லலா” என்றார். தீபாவளி வியாபாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. 4 அடி உயரத்துக்கு உடைத்தார்கள், இரண்டு நாளில் பூசினார்கள், மறுவாரம் ‘கழுவினால் போகாது’ என்ற விளம்பரத்தோடு வந்த அக்ரிலிக் சாயம் அடித்தார்கள். சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. அத்தைக்கு அப்படியொரு சந்தோஷம்.

எட்டாவது மாதம் சாயம் பொருமியது. கொப்புளத்தை நகத்தால் கிள்ளினால் உள்ளிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வழியும். அதைவிட அதிர்ச்சி, முன்பு முழங்காலோடு நின்ற ஈரம் இப்போது சிமெண்டின் மேல் விளிம்பையும் தாண்டி, என் தோள் உயரத்தில் பழுப்புக் கோடாகத் தெரிந்தது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. கீழே வெளியேற வழியில்லாத ஈரம் வழி கிடைக்கும் இடம்வரை ஏறியிருக்கிறது. ஏறும்போது மண்ணிலிருக்கும் உப்பையும் கரைத்துக் கொண்டுவருகிறது. ஈரம் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகிப் பூக்கும், பூக்கும்போது விரியும். சுண்ணாம்புச் சுவரில் அது பூச்சுக்குள்ளேயே நடக்கும், பூச்சுதான் உதிரும். சிமெண்டுச் சுவரில் பூச்சுக்குப் பின்னால், செங்கல்லின் முகத்தில் நடக்கும்.

மூன்றாம் வருடம் ஒரு பலகை அளவுக்குச் சிமெண்டு பெயர்ந்து விழுந்தது. குத்துவிளக்கு ஒன்று நசுங்கிப்போனது. விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கச் செங்கல்லின் சிவப்புத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரில் மிச்சமிருந்த செங்கல்லை விரலால் தேய்த்தால் குங்குமம் மாதிரி கொட்டியது. பழைய செங்கல்லைவிடப் பூச்சு கடினமாக இருந்தால் தோற்பது செங்கல்தான். பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசலாம். செங்கல்லை எங்கே போய் வாங்குவது?

மேல்மாடியின் மர உத்தரங்கள் அந்தச் சுவருக்குள்தான் சொருகியிருக்கின்றன. சுண்ணாம்பு வேலைக்கு வந்த கொத்தனார் ஒரு உத்தரத்தின் முனையில் திருப்புளியை வைத்து அழுத்தினார். கேக்கில் கத்தி இறங்குவதுபோல இரண்டு அங்குலம் இறங்கியது. அத்தை பேசாமல் மாடிக்குப் போய்ச் சாமி அலமாரியை வேறு மூலைக்கு நகர்த்தச் சொன்னார்.

இனி சுண்ணாம்பு. இதில் எனக்குப் பிடிக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன், சுண்ணாம்பு என்றதும் உருகுகிறவர்கள் சொல்லாமல் விடுவது அதைத்தான். செலவு சிமெண்டைப்போல இரண்டரை மடங்கு ஆனது. ஐந்து வாரம் பாதிக் கடையை மூடிவைத்தோம். ஆள் கிடைப்பது அதைவிடப் பெரும்பாடு. சுண்ணாம்பு தெரியும் என்று வந்த முதல் இரண்டு பேரும் கடையில் விற்கும் பைச் சுண்ணாம்பில் “கொஞ்சம் சிமெண்டு சேர்த்தா சீக்கிரம் பிடிக்கும்” என்றார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டோம். பணத்தைக் கொட்டிவிட்டு அரைச் சிமெண்டுச் சுவர் வாங்குவதற்கு, முழுச் சிமெண்டே மேல்.

மூன்றாவதாக வந்தவர் நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் பல மாதம் ஊறவைத்து வைத்திருந்தார். கெட்டித் தயிர் பதம். ஒரு பங்குக்கு மூன்று பங்கு சலித்த மணல், அதற்கு மேல் ஒன்றுமில்லை. சுவரை நனைத்து, முதல் பூச்சு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அது இறுகும்வரை ஒரு வாரம் காத்திருப்பு. பிறகு இரண்டாவது, மூன்றாவது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும். சிமெண்டு தண்ணீரோடு வினைபுரிந்து இறுகும். இந்தச் சுண்ணாம்போ காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. அதற்கு அவசரம் தெரியாது. விசிறியைப் போட்டுச் சீக்கிரம் காயவைக்கப் பார்த்த என்னைக் கொத்தனார் நன்றாகத் திட்டினார்.

கருப்பட்டி, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்க்கவில்லையா என்று கேட்காத உறவினரே இல்லை. இந்த வட்டாரத்தில் அதற்கொரு பெரிய சரித்திரம் உண்டு. சிங்கப்பூரின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் கட்டினார்கள்; 1861இல் அது திறக்கப்பட்டது. அதன் உட்சுவர்களுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் கலந்த ‘மெட்ராஸ் சுண்ணம்’ பூசினார்கள். பளிங்குபோல மெருகேறும் பூச்சு அது. எங்கள் சுவருக்கு வேண்டியது மூச்சு, மெருகு இல்லை. முட்டையை அத்தை ரொட்டிச் சானாய்க்கு வைத்துக்கொண்டார்.

நான்கு வருடத்தில் இடச் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் இரண்டு இடத்தில் உப்பு பூத்திருக்கிறது. மென்மையான துடைப்பத்தால் தட்டிவிடுகிறோம். இன்னும் சில வருடத்தில் அந்த இடத்தை மட்டும் சுரண்டிப் பூச வேண்டியிருக்கும். ஆணி அடித்தால் சுற்றிலும் பொரிந்துவிடும், அதனால் கனமான அலமாரி எதுவும் அந்தச் சுவரில் இல்லை. கறுப்புச் சேலையோடு வந்து சாய்ந்த ஒரு வாடிக்கையாளர் அத்தையிடம் போட்ட சண்டையை இங்கே எழுத முடியாது.

சாயத்தில் கோட்டைவிட்டால் இத்தனையும் வீண். சுண்ணாம்புப் பூச்சின் மேல் அக்ரிலிக் சாயம் அடிப்பது, வேட்டி கட்டி அதன் மேல் மழைக்கோட்டு போடுவதுபோல. சுண்ணாம்படிப்பு மலிவு, நாலைந்து கைகூட அடித்துக்கொள்ளலாம்; ஆனால் சில வருடத்துக்கொரு முறை திரும்ப அடிக்க வேண்டும். சிலிகேட் சாயம் என்று ஒன்று உண்டு. அதுவும் ஆவியை வெளியே விடும், நீண்டகாலம் நிற்கும், விலைதான் கண்ணைக் கட்டும். வெள்ளை அலுத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் லீத் ஸ்திரீட்டில் இருக்கும் சியோங் ஃபாட் ட்ஸே மாளிகையைப் பார்த்துவிட்டு வரலாம். அந்த ஆழ்ந்த நீலம் சுண்ணாம்பில் அவுரி கலந்து அடித்தது. அந்த மாளிகையின் மீட்புப் பணிக்கு 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

டைல்ஸ் ஒட்டுவது, ஜிப்சம் பலகையால் மூடுவது ஆகிய மற்ற இரண்டு வழிகளையும் வைத்தியம் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை. ஈரத்தைக் கண்ணிலிருந்து மறைக்கும், பலகைக்குப் பின்னால் பூஞ்சணத்துக்கு இருட்டறையும் கட்டிக்கொடுக்கும்.

பூஞ்சணம்தான் உடல்நலக் கணக்கில் முக்கியம். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமா, மூச்சுக் கோளாறுகள் அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் இதற்கென்றே வெளியிட்ட வழிகாட்டியில் சொல்கிறது. புதிய சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் பிடிக்காது. ஆனால் கல்லாக இறுக இறுக அந்தக் காரம் குறையும். நாள்பட்ட பிறகு காப்பது சுவர் உலர்ந்திருப்பதுதான், சுண்ணாம்பு என்ற பெயர் அல்ல. வேலை நடக்கும்போது இரண்டுமே ஆபத்து. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும், பழைய சிமெண்டை உடைக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு. கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் வேலையாளை உள்ளே விடாதீர்கள்.

சுற்றுச்சூழல் கணக்கில் சுண்ணாம்பு ஜெயிக்கிறது, ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை. சிமெண்டுச் சூளைக்கு ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை, சுண்ணாம்புக்கு 900 பாகை போதும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ கரியமில வாயு வெளியே போகும். சுவரில் இறுகும்போது கல்லிலிருந்து போன அந்த வாயுவில் பெரும்பகுதியைச் சுண்ணாம்பு திரும்ப எடுத்துக்கொள்ளும். சூளைக்கு எரித்த எரிபொருளின் புகை திரும்பாது. சிமெண்டும் திரும்ப எடுக்கிறது, மிகக் குறைவாகவும் மெதுவாகவும். இன்னொன்று, எதை வாங்கினாலும் கல் வருவது ஏதோ ஒரு சுண்ணாம்புக் குன்றிலிருந்துதான். ஈப்போவுக்குப் போகும் வழியில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் கிந்தா பள்ளத்தாக்குக் குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு, ‘பச்சை வீடு’ என்ற சொல் வாயில் அவ்வளவு லேசாக வராது. என் பார்வையில் இருக்கிற செங்கல்லையும் உத்தரத்தையும் இன்னொரு தலைமுறைக்குக் காப்பாற்றுவதுதான் பெரிய சேமிப்பு. சுண்ணாம்பு ஜெயிப்பது அங்கேதான்.

இரண்டு சுவருக்கும் ஒரே நியாயம் செய்தேனா என்று கேட்டால், இல்லை. இடச் சுவரைத் தொடுமுன் கூரைத் தண்ணீரை வடிக்கும் தகரப் பீலி ஒழுகியது, அதை மாற்றினோம்; பின்கட்டு லோங்காங்கை, அதாவது சாக்கடை வாய்க்காலை, தூர் வாரினோம். வலச் சுவருக்கு அதில் எதையும் செய்யவில்லை. அதோடு வலப்பக்கத்து வீடு இப்போது தங்கும் விடுதி. அவர்கள் முற்றத்தைக் கண்ணாடியால் மூடி, தரையெல்லாம் காங்கிரீட்டும் டைல்ஸும் போட்டு, ஏர்கானோடு இருக்கிறார்கள். தரை மூடிய பிறகு மண்ணின் ஈரத்துக்குச் சுவர்தானே வழி? பொதுச்சுவரில் பாதி வினை அந்தப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கலாம். அதனால் பூச்சைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு மழைநாளில் குடையோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். பீலி, லோங்காங், ஐந்தடி என்று நாங்கள் சொல்லும் கடைமுன் நடைபாதையைவிட உயர்ந்துபோன ரோடு, இவற்றில் எது தண்ணீரை உள்ளே தள்ளுகிறதென்று தெரிந்துவிடும்.

புக்கிட் மெர்தாஜாமில் தம்பி வாங்கிய புது தரைவீட்டுக்கும் சுண்ணாம்பு பூசலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். காங்கிரீட் சட்டகம், சிமெண்டுச் சாந்து, அடியில் ஈரத்தடுப்புப் படலம் என்று கட்டிய வீட்டில் சுண்ணாம்பால் பெரிய லாபம் இல்லை. அந்தக் காசைக் கூரைக்கடியில் வெப்பத் தடுப்புக்குப் போடச் சொன்னேன், அவன் வீட்டுச் சிக்கல் தலைக்கு மேலே. ஜார்ஜ்டவுனின் பழைய செங்கல் வீடென்றால் யோசிக்கவே வேண்டாம், சுண்ணாம்புதான். கையில் காசு போதவில்லையா, பூசாமல் விட்டுவையுங்கள். செங்கல் தெரியும் சுவர், சிமெண்டு பூசிய சுவரைவிட நன்றாக உலரும். 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய எல்லைக்குள் வீடு இருந்தால் மாநகர் மன்றத்திடம் கேட்டுவிட்டு உடையுங்கள். உட்சுவர்தானே என்று முதல் தடவை நாங்கள் கேட்காமல் உடைத்தது தப்பு.

வலச் சுவரின் மிச்சச் சிமெண்டைத் தைப்பூசம் முடிந்ததும் கையுளியால் பெயர்க்கப் போகிறோம், இயந்திரம் வைத்தால் செங்கல் தாங்காது. ஈரச் சுவர் ஓரங்குலம் உலர ஒரு மாதம் ஆகும் என்பது இந்தத் துறையில் சொல்லும் தோராயக் கணக்கு. எங்கள் சுவர் 9 அங்குலம். பினாங்குக் காற்றின் ஈரத்துக்கு அதற்கு மேலும் ஆகலாம் என்கிறார் கொத்தனார். “அப்போ தீபாவளிக்கும் சுவரு அம்மணமாத்தான் நிக்குமா?” என்று அத்தை கேட்டார். நிற்கும். அதன் முன்னால் விளக்குகளை எப்படி அடுக்குவது என்று இப்போதே சண்டை தொடங்கிவிட்டது.